பழைய கணினி எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கிறது, கீபோர்டு வேலை செய்யவில்லை

எழுதியவர்: பழையபெட்டி

வணக்கம் நண்பர்களே. அப்பா பயன்படுத்திய கணினியை மறுபடி ஓட வைக்க வேண்டும். பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி. பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) அவார்டு என்று திரையில் வருகிறது. அப்பா இருந்தவரை தினமும் ஓடிய மெஷின். அதற்குப் பிறகு ப்ளக்கைப் பிடுங்கி, துணி போட்டு மூடி வைத்தோம். வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டது.

இப்போது ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது. ஒரு பீப் வருகிறது. மெமரியை எண்ணி முடிக்கிறது, ஹார்டு டிஸ்க்கின் பெயரைக்கூடச் சரியாகக் காட்டுகிறது. அப்புறம் இந்த வரிகளோடு நின்றுவிடுகிறது:

"சிமோஸ் செக்சம் எரர் - டிஃபால்ட்ஸ் லோடட்"
"கீபோர்டு எரர் ஆர் நோ கீபோர்டு பிரசென்ட்"
"பிரஸ் எஃப்1 டு கன்டினியூ, டெல் டு என்டர் செட்டப்"

எஃப்1 அழுத்தினாலும் டெல் அழுத்தினாலும் எந்த அசைவும் இல்லை. நம்லாக் விளக்கும் எரியவில்லை. கீபோர்டு யுஎஸ்பி வகை, அப்பாவே கடைசி வருடங்களில் இதைத்தான் இந்த மெஷினில் பயன்படுத்தினார். அதே கீபோர்டை என் லேப்டாப்பில் செருகினால் எல்லா எழுத்தும் விழுகிறது. வேறொரு புது யுஎஸ்பி கீபோர்டு செருகினேன், அதுவும் இதில் செத்த மாதிரி இருக்கிறது. பின்பக்கத்து போர்ட் எல்லாவற்றிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தாயிற்று. ஒன்று மட்டும் கவனித்தேன்: யுஎஸ்பி மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிகிறது.

அப்பா எழுதிய கட்டுரைகள் அத்தனையும் இதற்குள்தான். யுனிகோட் வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு, தட்டச்சு மென்பொருள் எல்லாம் இந்த ஒரு பெட்டியில்தான் இருக்கின்றன. அதனால் ஏதாவது செய்து கெடுத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. மதர்போர்டு போய்விட்டதா? வழி சொல்லுங்கள்.


எழுதியவர்: ஸ்க்ரூடிரைவர்

சிமோஸ் கிளியர் பண்ணுங்க நண்பரே, அதாவது பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் நினைவகத்தை அழித்துவிடுங்க. பேட்டரி பக்கத்தில் மூன்று பின் உள்ள ஜம்பர் இருக்கும், இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் தொப்பி அதில் மாட்டியிருக்கும். 1-2இல் இருப்பதை 2-3க்கு மாற்றி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். எனக்கு இப்படித்தான் சரியானது.


எழுதியவர்: ஈயப்பற்று

பழையபெட்டி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மதர்போர்டு போகவில்லை. நீங்கள் எழுதிய மூன்று வரிகளும் மவுஸ் விளக்கும் சேர்ந்து நடந்ததை அப்படியே சொல்லிவிட்டன. பழைய மெஷின்களைத் திறந்து பார்ப்பதே எனக்கு வேலை. இந்த மூன்று வரி ஒன்றாக வந்த திரையை நிறையப் பார்த்திருக்கிறேன்.

போர்டின் மேல் ஒரு நாணய பேட்டரி இருக்கிறது, சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதனால் அந்த எண். பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் மின்சாரம் இல்லாத நேரத்தில் அதுதான் காக்கிறது. ப்ளக் செருகியே இருந்தால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மெஷின் அணைந்திருக்கும்போதும் தரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும், பேட்டரி ஓய்வாக இருக்கும். நீங்கள் ப்ளக்கைப் பிடுங்கி வைத்த நாளிலிருந்து அந்தச் சின்ன பேட்டரி தனியாகச் சுமந்து, தீர்ந்துபோயிற்று. அமைப்புகள் அழிந்தன. முதல் வரி சொல்வது அதைத்தான்: சேமித்து வைத்த விவரம் கூட்டிப் பார்த்தால் பொருந்தவில்லை, ஆகவே தொழிற்சாலை அமைப்புக்கே திரும்பிவிட்டேன் என்கிறது.

சிக்கல் இதற்கு அடுத்ததுதான். அந்தக் காலத்து அவார்டு பயாஸ் பலவற்றில் "யுஎஸ்பி கீபோர்டு சப்போர்ட்" என்ற அமைப்பு தொழிற்சாலையிலிருந்தே டிசேபிள்டாக வரும். உங்கள் அப்பாவோ, அவருக்கு மெஷினை அமைத்துக் கொடுத்தவரோ அதை எனேபிள் செய்து வைத்திருப்பார். பேட்டரி போனதோடு அதுவும் போயிற்று. இப்போது எஃப்1 அழுத்து என்று பயாஸ் கேட்கிறது. ஆனால் எஃப்1 இருக்கும் கீபோர்டை அது காதில் வாங்குவதில்லை. எத்தனை புது யுஎஸ்பி கீபோர்டு வாங்கினாலும் இதே கதைதான், வாங்காதீர்கள்.

இது ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் அடுத்து செய்ய வேண்டியது தானாகப் புரியும். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி மெஷினில் கீபோர்டைக் கவனிக்க 8042 என்ற தனிச் சிப் இருந்தது. பின்னாளில் அது மற்றச் சிப்புகளுக்குள் அடங்கிவிட்டாலும் அதே முகவரியில் அதே வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பயாஸும், விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பூட் மெனுக்களும் விசை எங்கிருந்து வரும் என்று எதிர்பார்ப்பது அந்தப் பாதையில்தான். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 உருண்டை பின் நேராக அங்கே போய்ச் சேர்கிறது. யுஎஸ்பிக்கு அந்தப் பாதையே கிடையாது. பயாஸ் தானே யுஎஸ்பி கன்ட்ரோலரை ஓட்டி, விசைகளை வாங்கி, பழைய சிப்பிலிருந்து வந்தது போலக் காட்ட வேண்டும். அந்த வேலையைச் செய் அல்லது செய்யாதே என்பதுதான் நான் மேலே சொன்ன அமைப்பு. செய்யாதே என்று இருந்தால், விண்டோஸ் ஏறி அதன் டிரைவர் வரும்வரை யுஎஸ்பி கீபோர்டு வெறும் பிளாஸ்டிக்தான். மவுஸ் விளக்கு எரிவதற்கு 5 வோல்ட் போதும், அதை வைத்து யுஎஸ்பி வேலை செய்கிறது என்று எண்ண வேண்டாம். போர்ட்டுக்கு மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான் பொருள்.

ஸ்க்ரூடிரைவர் சொன்ன சிமோஸ் கிளியர், அமைப்பு குழம்பிப்போன மெஷினுக்கு நல்ல மருந்து. இங்கே பயாஸ் ஏற்கெனவே டிஃபால்ட்டில்தான் நிற்கிறது. கிளியர் செய்தால் மறுபடி அதே டிஃபால்ட், அதே டிசேபிள்டு. கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டு பொருள்: ஒரு சிஆர்2032, ஒரு உருண்டை பின் கீபோர்டு. மெஷினின் பின்னால் பாருங்கள், ஊதா நிறத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, வட்டத் துளைகள் இருக்கும். ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. யாரிடமாவது பழைய கீபோர்டு பரணில் கிடக்கும், இரவல் வாங்கினால் போதும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். மெஷின் ஓடும்போது உருண்டை பின்னைச் செருகாதீர்கள், பிடுங்காதீர்கள். யுஎஸ்பி மாதிரி ஓட்டத்தில் மாற்ற அது வடிவமைக்கப்படவில்லை. ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, அப்புறம் செருகுங்கள். அதே கையோடு பேட்டரியையும் மாற்றிவிடலாம். பழையதைக் கழற்றும் முன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பிளஸ் குறி மேலே இருக்கும். ஓரத்தில் ஒரு உலோகக் கொக்கி பிடித்திருக்கும், அதை நகத்தால் மெதுவாகத் தள்ளினால் பேட்டரி தானாக எழும்பி வரும். நெம்பி எடுத்தால் கொக்கி உடையும். மல்டிமீட்டர் இருந்தால் புது பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும்.

கேபினெட் திறந்திருக்கும்போது பிராசசரைச் சுற்றிச் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களையும் ஒரு பார்வை பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ மறுபடி ஆன் செய்யாமல் இங்கே வந்து சொல்லுங்கள். அந்த ஆண்டுகளில் வந்த போர்டுகள் பலவற்றில் கெப்பாசிட்டர்கள் மோசமானவை.


எழுதியவர்: இரவுவாசி

யுஎஸ்பி கீபோர்டை உருண்டை பின்னாக மாற்றும் சின்ன ஊதா அடாப்டர் இருக்கிறதே, அது போதாதா?


எழுதியவர்: ஈயப்பற்று

சில கீபோர்டுக்குப் போதும், பலவற்றுக்குப் போதாது. அந்த அடாப்டருக்குள் சிப் எதுவும் இல்லை, நான்கு கம்பிகள் இடம் மாறுகின்றன. கீபோர்டே இரண்டு மொழியும் பேசத் தெரிந்ததாக இருந்தால்தான் வேலை செய்யும். பழைய யுஎஸ்பி கீபோர்டுகளோடு அந்த அடாப்டரைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள், அவற்றுக்குச் சரி. இப்போது வருபவை பலவற்றில் அந்தத் திறமையை விட்டுவிட்டார்கள். கையில் இருந்தால் செருகிப் பாருங்கள், இதற்காகத் தேடி அலைய வேண்டாம்.


எழுதியவர்: பழையபெட்டி

ஈயப்பற்று அண்ணா, மிக்க நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதியதைப் படித்ததும்தான் மூச்சு வந்தது. கெப்பாசிட்டர் எல்லாம் தட்டையாகவே இருக்கின்றன. தூசி நிறைய, பிரஷ்ஷால் துடைத்தேன். பழைய பேட்டரியை மீட்டரில் வைத்தால் 1 வோல்ட்கூட இல்லை. புதுசு போட்டாயிற்று.

நண்பர் ஒருவரிடம் உருண்டை பின் கீபோர்டு வாங்கி வந்தேன். நீங்கள் சொன்னபடி ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஊதாத் துளையில் செருகி ஆன் செய்தால், இதிலும் விளக்கு எரியவில்லை. திரையில் செக்சம் வரியும் இருக்கிறது, கீபோர்டு எரரும் அப்படியே. ஊதாத் துளையே போய்விட்டதா?


எழுதியவர்: ஈயப்பற்று

அவசரப்பட வேண்டாம். நல்ல உருண்டை பின் கீபோர்டு மின்சாரம் வந்ததும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரத்தில் மூன்று விளக்கும் ஒன்றாக ஒரு முறை மின்னி அணையும். பிறகு, நான் நலம் என்பதற்கு அடையாளமாக ஹெக்ஸில் ஏஏ என்ற ஒரு பைட்டை அனுப்பும். பயாஸ் காத்திருப்பது அதற்குத்தான். ஆன் செய்த கணத்தில் திரையைப் பார்க்காமல் கீபோர்டையே பாருங்கள்.

மூன்று விளக்கும் மின்னவில்லை என்றால் கீபோர்டுக்கு 5 வோல்ட் போகவில்லை, அல்லது கீபோர்டு செத்தது. மின்னிவிட்டு எரர் வந்தால் டேட்டா, கிளாக் கம்பிகளில் கோளாறு, அல்லது ஏதோ ஒரு விசை அமுங்கிச் சிக்கியிருக்கிறது.

மின்னவில்லை என்றால் முதலில் பின்னின் முகத்தைப் பாருங்கள். ஆறு ஊசி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு. ஆண்டுக்கணக்கில் கிடந்த கீபோர்டில் ஓர் ஊசி வளைந்து பக்கத்தில் சாய்ந்திருப்பது மிகச் சாதாரணம். மெல்லிய ட்வீசரால் நிமிர்த்தலாம். துளைக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள், தூசி அடைத்திருக்கும்.

அதிலும் குறை இல்லை என்றால் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். ஊதாத் துளைக்குப் பக்கத்தில் போர்டின் மேல் எஃப் என்ற எழுத்தோடு ஒரு எண் அச்சிட்ட சின்னப் பொருள் ஒட்டியிருக்கும். ஓடும் மெஷினில் யாராவது கீபோர்டைச் செருகிப் பிடுங்கியிருந்தால் முதலில் பலியாவது அது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து இரு முனையிலும் தொடுங்கள். பீப் வந்தால் ஃப்யூஸ் நலம். அதன் அருகிலேயே 5வி, 5விஎஸ்பி (5 வோல்ட் ஸ்டாண்ட்பை) என்று எழுதிய ஜம்பர் இருந்தால் அதன் தொப்பி கழன்று விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தொப்பி இல்லை என்றால் கீபோர்டுக்கு மின்சாரமே இல்லை.


எழுதியவர்: பழையபெட்டி

ஊசிதான் அண்ணா! ஓர் ஊசி சாய்ந்து பிளாஸ்டிக் நாக்கோடு ஒட்டிக் கிடந்தது. மெல்லிய ட்வீசரால் நிமிர்த்திச் செருகினேன். ஆன் செய்ததும் மூன்று பச்சை விளக்கும் சேர்ந்து மின்னின. கீபோர்டு எரர் வரி வரவே இல்லை. டெல் அழுத்தினேன், நீலத் திரை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ்" உள்ளே நீங்கள் சொன்ன அதே வரி, டிசேபிள்டு என்றுதான் இருந்தது. எனேபிள்டு ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமித்தேன். மெஷினை அணைத்து, உருண்டையைக் கழற்றி, அப்பாவின் யுஎஸ்பி கீபோர்டைச் செருகி ஆன் செய்தால் நம்லாக் எரிகிறது, டெல் வேலை செய்கிறது. ஆனால் முன்பக்கத்து யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் இல்லை. பின்னால் மட்டும்தான். இது பரவாயில்லையா? விண்டோஸை இன்னும் ஏற்றவில்லை, நீங்கள் சொன்ன பிறகு ஏற்றலாம் என்று அணைத்து வைத்திருக்கிறேன்.


எழுதியவர்: ஸ்க்ரூடிரைவர்

வாழ்த்துகள்! டேபிள் மேல் வைக்கும் யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகினாலும் பழைய பயாஸ் பல கண்டுகொள்ளாது, அதையும் நினைவில் வையுங்கள். பளபள விளக்கு வைத்த கேமிங் கீபோர்டு சிலவும் இப்படித்தான். பயாஸ் எதிர்பார்ப்பது 8 பைட் கொண்ட எளிய செய்தி, அதில் ஒரே நேரத்தில் ஆறு விசைக்கு இடம். அந்தக் கீபோர்டுகள் வேறு வடிவில் அனுப்பும்.


எழுதியவர்: ஈயப்பற்று

பழையபெட்டி, படித்து மனம் நிறைந்தது. முன்பக்கம் வேலை செய்யாததைப் பற்றிக் கவலை வேண்டாம். முன் போர்ட்டுகள் ஒரு கேபிள் வழியாகப் போர்டில் சேர்கின்றன, அது கழன்றோ துருவேறியோ இருக்கலாம். பின்னால் இருப்பவை போர்டிலேயே பற்றவைத்தவை, கீபோர்டுக்கு எப்போதும் அவையே நல்லவை.

விண்டோஸை ஏற்றாமல் நிறுத்தியது மிக நல்ல காரியம். செட்டப்புக்குள் இன்னொரு முறை போய் மூன்று இடம் பாருங்கள்.

முதலில் தேதி, நேரம். பேட்டரி போன மெஷின் ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி 1ஐக் காட்டும். அதைச் சரி செய்யாமல் அப்பாவின் கட்டுரை ஒன்றைத் திறந்து சேமித்தால் அந்தத் தவறான தேதி கோப்பின் மேல் ஏறிவிடும். எது எப்போது எழுதியது என்று பின்னால் வரிசைப்படுத்தும்போது அந்தத் தேதிகள்தான் துணை. இதை நான் பெரிதாக நினைக்கிறேன், நீங்களும் நினையுங்கள்.

இரண்டாவது, "ஹால்ட் ஆன்" என்ற அமைப்பு. அதை "ஆல், பட் கீபோர்டு" என்று வையுங்கள். இனி கீபோர்டு காணோம் என்பதற்காக மட்டும் மெஷின் நிற்காது.

மூன்றாவது, ஹார்டு டிஸ்க் எந்த முறையில் ஓடுகிறது என்பது. உங்கள் டிஸ்க் 40 பின் அகல ரிப்பன் கேபிளில் இருந்தால் இதை விட்டுவிடலாம். சாட்டா டிஸ்க் (மெல்லிய கேபிளில் இணையும் புதிய வகை) என்றால் கவனம் தேவை. ஐடிஇ (பழைய முறை), ஏஹெச்சிஐ (புதிய முறை, எக்ஸ்பிக்குத் தனி டிரைவர் வேண்டும்) என்ற தேர்வு உள்ள போர்டுகளில் டிஃபால்ட் மாறிவிட்டால் எக்ஸ்பி ஏறும் வழியிலேயே நீலத் திரை காட்டி 0x0000007பி என்று எழுதும். அதைப் பார்த்ததும் டிஸ்க் போச்சு என்று ஃபார்மேட் செய்து, எல்லாவற்றையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் வந்தால் செட்டப்புக்குள் போய் முறையை மாற்றிப் பார்த்தாலே போதும். யார் சொன்னாலும் ஃபார்மேட் செய்யாதீர்கள்.


எழுதியவர்: இரவுவாசி

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். என்னிடம் 2016இல் வாங்கிய மெஷின். அதில் தலைகீழ்: பயாஸில் யுஎஸ்பி கீபோர்டு நன்றாக வேலை செய்கிறது, விண்டோஸ் 7 நிறுவும் திரை வந்ததும் கீபோர்டும் மவுஸும் செத்துவிடுகின்றன. இதற்கும் அதே அமைப்புதானா?


எழுதியவர்: ஈயப்பற்று

இல்லை, அது வேறு. 2015இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் தலைமுறைச் சிப்செட்டில் பழைய யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். எல்லாப் போர்ட்டும் யுஎஸ்பி 3 கன்ட்ரோலரின் கீழ். 2009இல் வந்த விண்டோஸ் 7 நிறுவும் தட்டில் அதற்கான டிரைவர் இல்லை. பயாஸ் கைவிட்டதும் தாங்கிக்கொள்ள ஆள் இல்லை. போர்டில் உருண்டைத் துளை இருந்தால் அந்தக் கீபோர்டை வைத்து நிறுவிவிடலாம், இல்லையென்றால் யுஎஸ்பி 3 டிரைவரை நிறுவும் கோப்புகளுக்குள் சேர்க்க வேண்டும். தனி இழையாகக் கேளுங்கள், விரிவாகப் பேசலாம்.


எழுதியவர்: பழையபெட்டி

எக்ஸ்பி ஏறிவிட்டது! அப்பா வைத்த வால்பேப்பர்கூட அப்படியே இருக்கிறது. தேதியைச் சரி செய்துவிட்டுத்தான் ஏற்றினேன். கட்டுரைகள் எல்லாம் டி டிரைவில் ஆண்டு வாரியாக ஃபோல்டர் போட்டு இருக்கின்றன. ஒன்றைத் திறந்தேன், எழுத்து சரியாக வருகிறது. இனி என்ன செய்ய வேண்டும் அண்ணா? பென்டிரைவில் காப்பி எடுத்தால் போதுமா?


எழுதியவர்: ஈயப்பற்று

போதும், ஆனால் கட்டுரைகளை மட்டும் எடுத்தால் போதாது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துருக் கோப்பு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் மேலே புள்ளி, கோடு வைத்த விநோதக் குறிகளும்தான் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருப்பதை முழுசாகக் காப்பி எடுங்கள். எது தமிழ் எழுத்துரு என்று இப்போது பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். தட்டச்சு மென்பொருளின் ஃபோல்டரையும், அதை நிறுவிய மூலக் கோப்பு எங்காவது இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் யுனிகோடுக்கு மாற்றும் கருவி தேடிப் பிடிப்பது சுலபம்.

இரண்டு இடத்தில் வையுங்கள், ஒரே பென்டிரைவை நம்ப வேண்டாம். நீண்ட காலம் சுற்றாமல் கிடந்த டிஸ்க், காப்பி எடுத்து முடியும்வரை வேறு எந்த வேலையும் அதில் செய்யாதீர்கள். இணையத்திலும் இணைக்க வேண்டாம், எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014லேயே நின்றுவிட்டன. காப்பி எடுக்கும்போது ஏதாவது ஒரு கோப்பில் டிஸ்க் திணறினால் அதை விட்டுவிட்டு மற்றதை முதலில் முடியுங்கள். கரகரவென்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு இங்கே எழுதுங்கள். டிஸ்க்கை வெளியே எடுத்து, ஐடிஇயை யுஎஸ்பியாக மாற்றும் கேபிளில் உங்கள் லேப்டாப்போடு இணைத்து எடுக்கலாம். அதற்குத் தனி மின் இணைப்போடு வரும் கேபிளாகப் பாருங்கள், பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும்.

அந்த உருண்டை பின் கீபோர்டை நண்பரிடம் கேட்டு நீங்களே வைத்துக்கொள்ள முடிந்தால் இந்தப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். முடியாவிட்டால் மெஷினை அவ்வப்போது ப்ளக்கில் செருகி ஓட விடுங்கள், பேட்டரி நீண்ட நாள் வரும். காப்பி முடிந்ததும் எழுத்துருவின் பெயரைச் சொல்லுங்கள், யுனிகோடுக்கு மாற்றுவதை அடுத்துப் பார்ப்போம்.